மோட்டார்ஹோமில் ஐரோப்பா: வாப்பாவுக்கு எந்தக் காப்பீடு?

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையிலிருந்து ஆறு பேர், ஜெர்மனியில் மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிச் சமைக்கிற வண்டி) வாடகைக்கு எடுத்து இத்தாலி வரை போகிறோம். விவரம் தெரிந்தவங்க சொல்லுங்க.

ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி, இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். வாப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஏற்கெனவே உள்ள நோயைப் பல பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. மறைத்து எழுதினால் கிளெய்மே நிற்காது, அதைச் செய்யவே மாட்டோம். உயிருக்கு ஆபத்தான கட்டத்திலாவது அந்த நோய்க்கும் பணம் தருகிற பாலிசியை யாராவது எடுத்திருக்கீங்களா? பாலிசி வாசகத்தோடு போட்டால் பெரிய உதவி.

இன்னொன்று, வண்டி எடை. நம்ம எல்எம்வி (இலகுரக வாகன) உரிமம் 7,500 கிலோ வரை. அங்கே கார் ஓட்டுகிற பி வகை உரிமம் பொதுவாக 3,500 கிலோ வரைதான். ஆர்டிஓ தரும் சர்வதேச உரிமத்தை வைத்துக் கூடுதல் எடை வண்டி கொடுத்தார்களா?

2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகை, முகப்படம் எடுக்கிறார்கள். எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம் என்ற ஷெங்கன் கணக்கில் நுழையும் நாளும் வெளியேறும் நாளும் சேரும், கவனம்.