சொல் வரம்பைத் தாண்டினால் கதையைப் படிக்கவே கூடாதா?

தாமிரபரணி:
ஒரு மாத இதழின் சிறுகதைப் போட்டிக்குக் கதை அனுப்பியிருந்தேன். 1500 சொற்களுக்கு மிகாமல் என்று அறிவிப்பில் இருந்தது. என் கதை 1680. முதல் சுற்றிலேயே விலக்கிவிட்டோம் என்று பதில் வந்திருக்கிறது. நடுவர் கைக்குக் கதை போகவே இல்லை. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. நல்ல கதையைத் தேடித்தானே போட்டி நடத்துகிறார்கள்? நீளம் அதிகமென்றால் படித்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைக்கட்டும். அதிலும் தமிழில் சொல் கணக்கே ஆளுக்கு ஆள் மாறும். 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்து எழுதினால் ஒன்று, 'வந்து கொண்டிருந்தான்' என்றால் இரண்டு. நான் பிரித்து எழுதுகிறவள். சேர்த்து எழுதும் பழக்கமுள்ள ஒருவர் இதே கதையை வரம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவார்.

கரிசல்மண்:
அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நான் எதிர்ப்பக்கம். சில போட்டிகளுக்கு முதல் வாசிப்பு, அதாவது நடுவருக்குப் போகும் முன் கதைகளைப் படித்துச் சலிக்கும் வேலை, செய்திருக்கிறேன். 1500-க்குள் அடக்க வேண்டும் என்பதற்காகத் தனக்குப் பிடித்த ஒரு பாத்திரத்தையே எடுத்துவிட்டு அனுப்பியவரும் போட்டியில் இருப்பார். அவர் கதையில் அந்தப் பாத்திரம் இல்லாத குறை தெரியும். வரம்பைத் தாண்டியவர் கதை நிறைவாகத் தெரியும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் நடுவர் நிறைவானதைத்தான் எடுப்பார். எத்தனை மதிப்பெண் குறைத்தால் இது நேராகும், சொல்லுங்கள். ஒருமுறை படித்துவிட்டால் அந்தக் கதை மனதில் உட்கார்ந்துவிடும். அதனால்தான் படிக்கும் முன்பே எண்ணிப் பார்க்கிறோம்.

சேர்த்து எழுதுவது, பிரித்து எழுதுவது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது 20, 30 சொல்லுக்குச் சரி. 180-க்குச் சரிவராது.

நடுப்பக்கம்:
தாமிரபரணி பக்கம் நிற்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. நீளத்தை விடுங்கள். எழுத்துரு விஷயத்துக்கு வாருங்கள். 'யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பு மட்டும்' என்று போடுகிறார்கள். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் எழுத்து முறை அது. ஊரில் தட்டச்சு மையத்தில் காசு கொடுத்து அடிக்கும் பெரியவருக்கு அங்கே இருப்பது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருதான். அவர் கோப்பைத் திறந்தால் உங்கள் கணினியில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக வரும். உடனே நிராகரிப்பு. கையெழுத்துப் பிரதி என்றால் உறையைக்கூடப் பிரிப்பதில்லை. இந்த விதிகளால் ஒதுக்கப்படுவது யார் என்று பாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் இல்லை, கணினி இல்லாதவர்கள்.

கரிசல்மண்:
இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன் சார். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரு நிமிட வேலை. அதற்காகக் கதையைத் தூக்கி எறிவது சோம்பேறித்தனம். பழைய எழுத்துருவில் அனுப்பியதால் அவருக்கு மற்றவர்களைவிட ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. சொல் வரம்பு அப்படி இல்லை, மீறியவருக்கு அனுகூலம் கிடைக்கிறது. கதைப் பக்கத்தில் பெயர் எழுதக்கூடாது என்பதும் அதே மாதிரிதான். பெயரைப் பார்த்ததும் 'இவர் நம்ம பத்திரிகையில் எழுதுகிறவர்' என்று நடுவருக்குத் தெரிந்துவிட்டால் புதிதாக எழுத வருகிறவருக்கு என்ன வாய்ப்பு மிஞ்சும்? எல்லா விதியையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள் என்பதுதான் என் கோரிக்கை.

யாழ்நிலா:
இடையில் வருகிறேன். காமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு ஆங்கிலத்தில் மட்டுமல்ல, தமிழிலும் கதை அனுப்பலாம். கட்டணம் இல்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள் என்பதால் நம்மில் நிறையப் பேருக்குத் தகுதி உண்டு. அங்கே 2000 முதல் 5000 சொல். 1950 சொல்லில் அருமையான கதை வைத்திருந்தாலும் செல்லாது, அதாவது குறைந்தாலும் மீறல்தான். கதைப் பிரதியில் பெயர் இருக்கக் கூடாது. இங்கிலாந்தின் பிரிட்போர்ட் பரிசில் கவிதைக்கு 42 வரி வரம்பு, 43 ஆகக் கூடாது. 

நான் பார்த்தவரை நம் ஆட்கள் அதிகமாகச் சறுக்குவது 'முன்பு வெளியாகாதது' என்ற விதியில். சொந்த வலைத்தளத்தில் போட்ட கதையைக் காமன்வெல்த் பரிசுக்கு அனுமதிக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு, முகநூலில் போட்டு நாலு பேர் பாராட்டிய கதையைத் தமிழ் இதழ்ப் போட்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இங்கே பல இதழ்களுக்கு முகநூலும் பிரசுரம்தான். ஒவ்வொரு போட்டிக்கும் விதியைத் தனியாகப் படித்தாக வேண்டும்.

நடுப்பக்கம்:
சரி, விதியைப் படிக்கிறோம். படித்தால் கடைசி வரி என்ன சொல்கிறது? 'போட்டிக்கு வரும் அனைத்துப் படைப்புகளின் உரிமையும் நிறுவனத்துக்கே.' பரிசு பெற்ற கதைக்கு மட்டுமில்லை, அனைத்துக்கும்! இதற்கும் பணிய வேண்டுமா? கரிசல்மண் பதில் சொல்லட்டும்.

சட்டப்பிரிவு:
அவருக்கு முன்னால் நான் சொல்கிறேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 19. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும், எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை என்று அடையாளம் காட்ட வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஆகவே அறிவிப்பில் ஒரு வரி போட்டுவிட்டதாலேயே உங்கள் கதை காலத்துக்கும் அவர்களுடையதாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கதையோடு ஓர் உறுதிமொழிக் கடிதம் வைக்கிறோமே, 'இது என் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல, வேறெங்கும் வெளிவரவில்லை' என்று. அதில் 'உரிமையை வழங்குகிறேன்' என்ற வாசகத்தையும் சேர்த்து மாதிரிப் படிவம் கொடுத்தால் கவனம் தேவை. அதில்தான் உங்கள் கையெழுத்து விழுகிறது.

கரிசல்மண்:
நடுப்பக்கம் சார் கேட்டதற்கு என் பதில்: பணிய வேண்டாம், அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டு அந்த விதி எனக்குப் பொருந்தாது என்று சொல்வதைத்தான் ஏற்க மாட்டேன். பரிசுக் கதையை ஒருமுறை வெளியிடும் உரிமை கேட்டால் நியாயம். தோற்ற கதையையும் சேர்த்துக் கேட்பவர் போட்டி நடத்தவில்லை, இலவசமாகச் சரக்கு சேர்க்கிறார்.

தாமிரபரணி:
நடத்துகிறவர்களுக்கு விதி உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள் தம்பி. 'முடிவு வரும்வரை வேறெங்கும் அனுப்பக் கூடாது' என்று எங்களைக் கட்டிப்போடுகிறார்கள். முடிவு எப்போது வரும் என்று தேதி போடுவதில்லை. கடைசித் தேதி முடிந்த மறுநாள் 'வாசகர்கள் வேண்டுகோளுக்கிணங்க' என்று நீட்டிக்கிறார்கள். 30-ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டுமென்று ராத்திரி கண்விழித்து எழுதியவளுக்கும், 'எப்படியும் நீட்டிப்பார்கள்' என்று உட்கார்ந்திருந்தவருக்கும் ஒரே தட்டா?

கரிசல்மண்:
இல்லை. தேதி நீட்டிப்பது விதிமீறல்தான், நீங்கள் 180 சொல் தாண்டியதைவிடப் பெரிய மீறல். நான் வாசித்த ஒரு போட்டியில் இதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். வந்த கதைகள் போதவில்லை என்பார்கள். வந்தவரை வைத்து நடத்துவதுதான் நேர்மை.

யாழ்நிலா:
நடத்துகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். கிளார்க்ஸ்வேர்ல்ட் என்ற அமெரிக்க அறிவியல் புனைவு இதழ் 2023 பிப்ரவரியில் கதை வாங்குவதையே சில வாரம் நிறுத்தியது. செயற்கை நுண்ணறிவு எழுதிய கதைகள் அவ்வளவு குவிந்தன. வேண்டாம் என்று அவர்கள் விதியிலேயே இருந்தும் அனுப்பினார்கள். அந்த நாட்களில் சொந்தமாக எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கதவு அடைபட்டது. முதல் வாசிப்பு செய்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் படிக்கிறார்கள். அவர்கள் நேரத்தையும் எண்ணிப் பாருங்கள் அக்கா.

தாமிரபரணி:
எண்ணுகிறேன். என் கதையைப் படித்திருக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை. அந்த இதழுக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன். எந்த மென்பொருளின் சொல் கணக்கு, 10 விழுக்காடு வரை விலக்கு உண்டா இல்லையா, முடிவுத் தேதி எது. இந்த மூன்றையும் அடுத்த அறிவிப்பிலேயே போடச் சொல்வேன்.

கரிசல்மண்:
எழுதுங்கள் அக்கா, என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விலக்கு 10 விழுக்காடு என்றாலும் உங்கள் வரம்பு 1650தான்.

நடுப்பக்கம்:
பழைய எழுத்துருவையும் கையெழுத்துப் பிரதியையும் அந்தக் கடிதத்தில் விட்டுவிடாதீர்கள்.