ஓ என்று எழுதிய அட்டை

மாட்டுங்கா மகள்:

அப்பாவின் பர்ஸில் முப்பது வருடமாக ஓர் அட்டை இருந்தது. ‘ஓ பாசிட்டிவ்’. எந்த ஆய்வகம் கொடுத்தது என்பதை விடுங்கள். இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு முன்பு ரத்த வங்கியில் பொருத்தம் பார்த்தார்கள். எந்த ஓ ரத்தமும் சேரவில்லை. டெக்னீசியன் பெண் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். சீராகக் கலங்கி நிற்க வேண்டிய சிவப்பு, திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக நின்றது. “அப்பா ஓ இல்லை மேடம், பாம்பே குரூப்” என்றாள். மும்பையில் இருந்துகொண்டு விளையாடுகிறாள் என்றே நினைத்தேன்.

விளையாட்டில்லை. 1952இல் இதே ஊரில் டாக்டர் பேண்டே குழுவினர் கண்டறிந்ததால் வந்த பெயராம். சிவப்பணுவில் ஏ, பி அடையாளங்கள் ஏற வேண்டுமென்றால் அடியில் எச் என்று ஒன்று இருக்க வேண்டும். ஓ ரத்தக்காரர்களிடம் அந்த எச் மட்டும் இருக்கும். அப்பாவிடம் அதுவும் இல்லை. அதை உண்டாக்கும் மரபணுவின் இரண்டு பிரதியும் பழுது. ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் ஓ என்றே தெரியும். ஆனால் எச் அடையாளம் அவர் உடம்புக்கு அந்நியம். ஓ ரத்தம் ஏற்றினால் அத்தனை அணுக்களையும் அடித்து நொறுக்கிவிடும். அந்த அட்டையை நினைத்து நான் இரண்டு இரவு தூங்கவில்லை.

“உடன்பிறந்தவர்களைப் பாருங்கள், நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு” என்ற டாக்டர், பாட்டி யாரைக் கட்டிக்கொண்டார் என்றும் கேட்டார். சொந்தத் தாய்மாமனை. ஒரே மூதாதையின் பழுது இருவர் வழியாகவும் இறங்கியிருக்கலாம். இதை போனில் சொன்னதும் திருநெல்வேலி அத்தை கொதித்துவிட்டார்: “எங்கள் அம்மா கல்யாணத்தில் குற்றம் கண்டுபிடிக்கவா உன்னைப் படிக்க வைத்தோம்?” திட்டிவிட்டு மறுநாளே போய்ச் சோதித்துப் பார்த்தார். அவரும் பாம்பே! நாகர்கோவில் ரயிலில் முறுக்கு டப்பாவோடு வந்து இறங்கினார். ஹீமோகுளோபின் 12.5 இருந்தால்தான் எடுப்பார்கள், அத்தைக்கு 12.7. அப்பாவின் ரத்தத்திலும் ஒரு பை முன்கூட்டியே எடுத்து வைத்தார்கள். கடைசியில் தேவைப்பட்டது ஒரு பைதான்.

செம்பூர்க்காரன்:

எங்கள் வீட்டில் நேர்மாறு. அக்காவுக்கு நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். ‘மரபணுக் கோளாறு’ என்று யாரோ சொல்லப்போக, தங்கைக்கு வந்த வரன் பின்வாங்கிவிட்டது. இது பரம்பரை நோயே இல்லை. எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன, பிள்ளைகளுக்குப் போகாது. அந்த ஒட்டு உண்டாக்கும் புரதத்தை முடக்குவதற்குத்தான் இமாடினிப் என்ற மாத்திரை. தினம் 400 மில்லிகிராம், சாப்பாட்டோடு, ஒரு டம்ளர் தண்ணீர். காலையில் அக்காவுக்கு இமை வீங்கியிருக்கும், பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டி “ராத்திரி அழுதாயா?” என்று கேட்பார். மாத்திரையின் வேலை என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த ஒட்டு மரபணு எவ்வளவு மிச்சம் என்று ரத்தத்தில் அளக்கிறார்கள். வரன் வீட்டாரிடம் விளக்கிச் சொல்லலாம் என்றேன். “அவர்களுக்குப் பாடம் எடுக்க எனக்கு நேரமில்லை” என்றாள் தங்கை.

ஆன்டாப் ஹில் அண்ணி:

மாட்டுங்கா மகளே, அப்படியானால் உங்களுக்கு?

மாட்டுங்கா மகள்:

எனக்கும் தம்பிக்கும் பழுதான பிரதி ஒன்று கட்டாயம் உண்டு அண்ணி. ஒன்றுதான் என்றால் ஒன்றும் செய்யாது. தம்பிக்கு அத்தை மகளைப் பேசி வைத்திருப்பதில்தான் சிக்கல். அவளுக்கும் ஒன்று உண்டே. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. நோய் ஒன்றும் இல்லை, ரத்தம் தேவைப்படுகிற அன்றைக்குத்தான் திண்டாட்டம். அத்தைக்குக் காகிதத்தில் கட்டம் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “கொடுக்கத்தான் நான் இருக்கிறேனே” என்றார்.

அத்தைக்கு வயது 59. 65க்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.