விடியட்டும், பார்க்கலாம் என்று படுத்த ராத்திரி

நாலுகால்தோழி:
ராஜாவுக்கு 7 வயது, ஜெர்மன் ஷெப்பர்ட். ராத்திரி சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் நிலைகொள்ளாமல் தவித்தான். படுப்பான், எழுவான், மறுபடி படுப்பான். அப்புறம் ஓங்கரிக்க ஆரம்பித்தான். வயிற்றை எக்கி எக்கி முயன்றும் வந்தது நுரைத்த எச்சில்தான். அவசரமாக விழுங்கியிருப்பான், காலையில் சரியாகிவிடும் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தண்ணீர் குடிக்க எழுந்த என் மகன்தான் எழுப்பினான்: "அம்மா, ராஜா வயிறு மத்தளம் மாதிரி இருக்கும்மா." தட்டினால் நிஜமாகவே அந்தச் சத்தம். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்துக் கிடந்தது. அவன் ஒருமுறைகூடக் கத்தவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது.

உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொண்டுவிட்டதாம். முறுக்கினால் உள்ளே இருப்பது மேலேயும் வராது, கீழேயும் போகாது. ரத்த ஓட்டமும் தடைப்படும். ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆபரேஷன் செய்து, இரைப்பையை நேராக்கி, மறுபடி முறுக்காமல் இருக்க வயிற்றுச் சுவரோடு தைத்தார்கள். பிழைத்தான். "வாந்தி எடுத்த நாயைவிட, எடுக்க முயன்று ஒன்றும் வராத நாய்க்குத்தான் நான் பயப்படுவேன்" என்றார் டாக்டர்.

ஈறைப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். நாய் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஈறு கறுப்பாக இருந்தால் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் ஓட வேண்டும் என்று உங்களுக்கு எப்போது உறைத்தது?

மழைக்குருவி:
எங்கள் மணிக்கு அறிகுறியே கிடையாது. எலி விஷக் கட்டியைக் கடித்துத் தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டிருந்தான். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வை என்று போனில் ஒருவர் சொன்னார். நல்லவேளை கேட்கவில்லை, அந்த உப்பே நாய்க்கு விஷமாகலாம் என்று பிறகுதான் தெரிந்தது. விஷத்தின் கவரைக் கையோடு எடுத்துப்போனதால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை என்று டாக்டருக்கு உடனே புரிந்தது. அந்த வகையில் ரத்தக்கசிவு தெரியவே சில நாள் ஆகுமாம். தெரியட்டும் என்று காத்திருந்தால் அவ்வளவுதான். வாரக்கணக்கில் வைட்டமின் கே கொடுத்தோம்.

பழையவீடு:
கருத்தடை செய்யாத பெண் நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எங்களுடையது ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து ஒன்றரை மாதத்தில் சாப்பாட்டை விட்டுவிட்டு, தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தது. வெயில் என்று நினைத்தேன். கர்ப்பப்பை முழுக்கச் சீழ். அன்றைக்கே எடுத்தார்கள்.

அரைத்தூக்கம்:
நான் வீணாக ஓடியவன். ராத்திரி 2 மணிக்கு எங்கள் நாய் மூக்கால் காற்றை உள்ளே இழுத்து இழுத்து ஒரு பயங்கரச் சத்தம். மூச்சு அடைக்கிறது என்று தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே போனதும் துரை ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்! வழியில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். "தலைகீழ்த் தும்மல், பயப்பட ஒன்றுமில்லை. வீடியோ எடுத்ததுதான் நல்லது" என்றார் டாக்டர். வலிப்பு என்றாலும் எடுக்கச் சொன்னார், கடிகாரத்தையும் பார்க்கச் சொன்னார்: 5 நிமிடம் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி வந்தாலோ உடனே கிளம்ப வேண்டுமாம். திரும்பும் வழியெல்லாம் துரை ஜன்னலில் தலையை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தார்.