போர்ட்டல் ஆக்சிலுக்குத் தமிழில் என்ன? (வெள்ளி மதியத்துக்குள் வேண்டும்)

செ., கோவை (திங்கள் இரவு)

அனைவருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் 14 பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ரிமோட்டில் ஓடும் பாறை ஏறும் வண்டியை வீட்டிலேயே பிரித்து, அச்சு, மோட்டார், சஸ்பென்ஷன் மூன்றையும் மாற்றிக் கட்டுவதுதான் பாடம். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. கூடவே எட்டுப் பக்கத்தில் ஒரு தமிழ்க் கையேடு, அதன் வரைவை இணைத்திருக்கிறேன். வெள்ளி மதியம் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

பெரும்பாலான சொற்களைச் சமாளித்துவிட்டேன். போர்ட்டல் ஆக்சிலில் மாட்டிக்கொண்டேன். தெரியாதவர்களுக்கு: சாதாரண வண்டியில் அச்சுக்குழாயும் சக்கரத்தின் நடுப்புள்ளியும் ஒரே மட்டத்தில் இருக்கும். குழாயின் நடுவே, சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் உருண்டை தொங்குவதால், பாறையில் முதலில் அடிபடுவது அதுதான். போர்ட்டலில் ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கமும் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் மேலே சிறிய பல்சக்கரம், கீழே பெரிய பல்சக்கரம். அச்சு மேலே உள்ளதில் வந்து சேரும், சக்கரம் கீழே உள்ளதில் மாட்டியிருக்கும். ஆக, குழாய் மொத்தமும் சக்கர நடுவைவிட மேலே போய்விடும். ஜெர்மனியின் ஊனிமோக் லாரியில் உள்ள அதே ஏற்பாடு. டிராக்சஸ் டிஆர்எக்ஸ்-4 பொம்மையிலும் இதுதான்.

போர்ட்டல் என்றால் வாசல் என்பதால் 'வாயில் அச்சு' என்று எழுதிப் பார்த்தேன். என் மகளே சிரித்துவிட்டாள்: "யார் வாயில்?"

ந., திருநெல்வேலி (செவ்வாய் காலை)

தம்பி செ., உங்கள் மகள் சரியாகச் சிரித்திருக்கிறாள். ஆனால் உருவகத்தைக் கைவிட வேண்டியதில்லை. இரண்டு சக்கரப் பெட்டிகளும் இரு கால்கள், மேலே குறுக்கே குழாய். இது வாசல் நிலையின் வடிவம். நிலை + அச்சு = நிலையச்சு. இகர ஈற்றின் முன்னும் ஐகார ஈற்றின் முன்னும் யகர உடம்படுமெய் வரும் என்பதை இந்தக் குழுவில் சொல்லத் தேவையில்லை.

அச்சு என்ற சொல்லையே விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போது (புறநானூறு 102) உப்பு வணிகரான உமணரின் வண்டியைக் காட்டுகிறார்:

"அவல் இழியினும், மிசை ஏறினும்,
அவணது அறியுநர் யார்? என, உமணர்
கீழ்மரத்து யாத்த சேம அச்சு அன்ன"

பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகுமோ என்று வண்டிக்கு அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். உங்கள் பாறை வண்டிக்கு இதைவிட நல்ல முன்னோடி எங்கே கிடைக்கும்?

வி., சிங்கப்பூர் (செவ்வாய் காலை)

ஐயா, நம்பமாட்டீர்கள். நான் ஓட்டப் போகும்போது வண்டியின் சேசிஸுக்கு அடியில் ஓர் உதிரி ஷாஃப்ட்டை டேப் போட்டு ஒட்டித்தான் எடுத்துப் போவேன். அதற்குப் பெயர் இருக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. சேம அச்சு!

ஆனால் நிலையச்சு வேண்டாம். 'தேர் நிலைக்கு வந்தது' என்றால் தேர் நின்றுவிட்டது என்று அர்த்தம். நிலையச்சு என்றால் ஓடாத அச்சு என்றுதான் என் காதில் விழுகிறது.

மா., கணபதி, கோவை (செவ்வாய் மதியம்)

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் யாரும் அச்சு என்று சொல்வதில்லை. ஆக்சில்தான். எங்கள் தாத்தா மாட்டுவண்டி வைத்திருந்தார். அவர் சொன்னது இருசு. இருசைத் தாங்கும் மரம் இருசுக்கட்டை, சக்கரம் கழன்றுவிடாமல் முனையில் செருகுவது கடையாணி. அச்சு என்றால் இன்றைய பிள்ளைக்கு அச்சகம், வெல்ல அச்சு, கணக்கில் வரும் எக்ஸ் அச்சு எல்லாம் சேர்ந்து வரும். இருசு என்றால் வண்டி மட்டும்தான். இது ஏறி உட்கார்ந்த இருசு, ஆகையால் 'ஏற்றிருசு'.

செ., சொல் கிடைக்காவிட்டாலும் இதைக் கையேட்டில் கட்டாயம் போடுங்கள். போன வருடம் முன்னால் மட்டும் போர்ட்டல் போட்டுப் பார்க்கலாம் என்று பித்தளையில் நானே பெட்டி கடைந்தேன். மேலே 16 பல், கீழே 24 பல். மேசையில் வைத்து ரிமோட்டின் விசையை அழுத்தினால் வண்டி இருந்த இடத்திலேயே நின்று விறைத்தது. முன் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுகிறது, பின் சக்கரம் முன்னோக்கிச் சுற்றுகிறது! இரண்டு பல்சக்கரம் கடித்தால் திசை மாறும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கு அன்றைக்கு மறந்துவிட்டது. முன் ஆக்சிலைத் தலைகீழாகப் புரட்டி மாட்டினேன். டிஃப்ரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கு அந்தப் பக்கம் போனதும் திசை சரியாயிற்று. அப்புறமும் முன் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பின் சக்கரம் ஒன்றரைச் சுற்று. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை முட்டித் தள்ள, மண்ணில் ஒரே உழவு. போட்டால் இரண்டு பக்கமும் போட வேண்டும்.

ந. (செவ்வாய் மாலை)

இருசு நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் 'நேர்மை' என்ற பொருளிலும் அகராதியில் ஓர் இருசு உண்டு. அது வடமொழி ருஜுவிலிருந்து வந்தது. நேராக இருப்பதால் அச்சுத்தண்டுக்கும் அந்தப் பெயர் வந்திருக்குமோ என்பது என் ஐயம். அப்படியானால் அச்சை விட்டு இருசுக்குப் போவது தாய் வீட்டை விட்டு விருந்தினர் விடுதிக்குப் போவது.

மா. (செவ்வாய் மாலை)

ஐயா, எங்கள் பக்கம் இருசாயி, இருசப்பன் என்று பெயர் வைப்பார்கள். அவர்களும் விருந்தினர் விடுதிதானா?

ந. (செவ்வாய் இரவு)

அந்தப் பெயர் வேறு, இந்த இருசு வேறு. தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.

செ. (செவ்வாய் இரவு)

ஐயா, தனி இழை சனிக்கிழமைக்குப் பிறகு!

ச., யாழ்ப்பாணம் (புதன் காலை)

வணக்கம். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உங்கள் கையேட்டை எங்கள் பிள்ளைகளும் வாசிக்கக்கூடும் என்றபடியால் இரண்டு விசயம் சொல்லவேணும்.

ஒன்று, டார்க் என்னும் சுழற்றும் வலுவுக்கு நீங்கள் வரைவில் 'திருப்பு விசை' என்று எழுதியிருப்பதை நாங்கள் முறுக்கம் என்போம். அடைப்புக்குறி போடாமல் முதல் தடவை 'திருப்பு விசை அல்லது முறுக்கம்' என்று எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் விளங்கும். இரண்டாவது, சஸ்பென்ஷன். நான் ஒருமுறை அவசரத்துக்கு இதை மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றில் போட்டேன். வந்தது: 'முன் பணியிடை நீக்கத்தின் எண்ணெயை மாற்றவும்.' கல்வி அலுவலகத்தில் யாருக்கோ எண்ணெய் மாற்றச் சொல்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

வி. (புதன் காலை)

சிரித்து முடிக்க நேரமாயிற்று அக்கா. சஸ்பென்ஷனுக்குச் சிலர் 'தொங்கல்' என்று எழுதுகிறார்கள். அது வேண்டாம், தொங்கலை வேறொன்றுக்குச் சேமித்து வையுங்கள். பாறை வண்டியில் சக்கரம் மேலே அழுந்துவதைப் போலவே கீழே இறங்குவதும் முக்கியம். தரையில் நிற்கும்போதே ஷாக் பாதியளவு அமுங்கி இருக்க வேண்டும். வண்டியைத் தூக்கினால் சக்கரம் கீழே தொங்க வேண்டும். அப்போதுதான் முன் சக்கரம் கல்லில் ஏறும்போதும் பின் சக்கரம் குழியில் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கீழிறக்கம்தான் உண்மையான தொங்கல்.

மா. (புதன் மதியம்)

சஸ்பென்ஷனுக்குச் சொல் தேடவே வேண்டாம். வில்வண்டி என்று எதைச் சொன்னார்கள்? வில் வைத்த வண்டியை. வில்லமைப்பு, முடிந்தது.

ந. (புதன் மதியம்)

வில்லமைப்பு. முழு மனதுடன் ஏற்கிறேன். (இந்தக் குழுவில் முதல்முறையாக நானும் மா.வும் ஒத்துப்போகிறோம். யாராவது குறித்து வையுங்கள்.)

சக்கரத்தின் நடுக்கட்டைக்கு ஹப் என்றே எழுதியிருக்கிறீர்கள். சங்கப் பாட்டில் 'ஆர்சூழ் குறடு' என்று வருகிறது. ஆரக்கால்கள் சூழ்ந்த குறடு. அதை எடுத்துக்கொள்ளலாமே.

செ. (புதன் இரவு)

ஐயா, பட்டறையில் குறடு என்றால் கம்பி பிடிக்கிற குறடு. 'குறட்டால் குறட்டைப் பிடித்துக் கழற்றவும்' என்று எழுதினால் பிள்ளைகள் தூங்கிவிட்டதாக நினைப்பார்கள்.

மோட்டாரிலும் ஒரு குழப்பம். கடையில் 35 டி, 55 டி என்று கேட்டு வாங்குகிறோம். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மெச்சூரின் ஒவ்வொரு பல்லிலும் கம்பி எத்தனை முறை சுற்றியிருக்கிறது என்ற கணக்கு. அதை '55 சுற்று மோட்டார்' என்று எழுதினேன். என் மகள் உடனே, "அப்போ 35-ஐவிட இது வேகமா?" என்கிறாள். நேர் எதிர். கம்பிச் சுற்று கூடினால் ஓட்டச் சுற்று குறையும், இழுவை கூடும். பாறைக்கு அதுதான் வேண்டும். ஒரே வாக்கியத்தில் சுற்றுக்கு இரண்டு பொருள் வந்து இடிக்கிறது.

மா. (புதன் இரவு)

மோட்டார் எரிந்தால் எங்கே கொடுப்பீர்கள்? காயில் கட்டுகிற கடையில். கட்டுகிறான், சுற்றுவதில்லை. 55 கட்டு மோட்டார்.

ச. (வியாழன் காலை)

கட்டு எனக்கும் பிடித்திருக்கு. பீடிக் கட்டு ஞாபகம் வந்தாலும் பரவாயில்லை.

ந. (வியாழன் காலை)

கட்டு சரி. முதன்மைப் பொருளுக்கு வருவோம். நிலையச்சில் உறுதியாக நிற்கிறேன். (நிற்கிறேன் என்றதும் வி. சிரிக்க வேண்டாம்.)

இன்னொன்று. கையேட்டின் வரைவில், முன் அச்சின் இரு முனையிலும் பித்தளை எடை சேர்த்தால் வண்டி மல்லாக்கக் கவிழாது என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு வரை என்று எழுதவில்லை. "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்." மயிலிறகுக்கே அச்சு முறிந்தால் பித்தளைக்கு?

வி. (வியாழன் மதியம்)

குறள் நியாயம்தான் ஐயா, ஆனால் ஒரு சின்னத் திருத்தம். பீலி வண்டியில் பாரம் அச்சுக்கு மேல் ஏறி உட்காருகிறது. பித்தளையை நாங்கள் சக்கரத்தின் பக்கத்தில், அச்சின் நுனியில் மாட்டுகிறோம். அந்த எடை வில்லமைப்பின் மேல் ஏறாது, நேராகச் சக்கரம் வழியே தரைக்குப் போகும். முறிவது பெரும்பாலும் எடையால் இல்லை. சக்கரம் கல்லிடுக்கில் மாட்டியிருக்கும்போது பொறுமை இல்லாமல் விசையை முழுக்க அழுத்துவதால்தான். போர்ட்டலில் இது கொஞ்சம் குறையும். கடைசிப் பல்மாற்றம் சக்கரத்தின் அருகிலேயே நடப்பதால் உள்ளே இருக்கும் தண்டுகளுக்கு அவ்வளவு முறுக்கம் ஏறாது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து எழும்புவதும் குறையும்.

செ. (வியாழன் இரவு)

இன்று மாலை இரண்டு பிள்ளைகள் முன்கூட்டியே வந்து வண்டியைப் பார்த்தார்கள். சொல் எதுவும் சொல்லாமல் இரண்டு அச்சையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது என்ன என்று கேட்டேன். ஒருத்தி குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது தரையில இருக்கு. இது மாடில இருக்கு." அடுத்த பத்து நிமிடமும் இருவரும் 'மாடி ஆக்சில்' என்றே பேசிக்கொண்டார்கள்.

மாடியச்சு. என்ன சொல்கிறீர்கள்? நாளை மதியம் வரைதான் நேரம்.

மா. (வியாழன் இரவு)

மாடியிருசு என்றால் இன்னும் நன்றாக இருக்கும். சரி, மாடியச்சுக்கே என் கை.

வி. (வெள்ளி காலை)

மாடியச்சு.

ச. (வெள்ளி காலை)

நாங்கள் மேல்மாடி என்றுதான் கதைப்போம். ஆனாலும் விளங்கும். மாடியச்சு.

ந. (வெள்ளி காலை)

மாடம் சங்கச் சொல், அதன் வழியில் மாடி. தூய்மையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் மாடி என்றால் அடியில் ஒரு தளம் இருக்க வேண்டும். இங்கே அடியில் வெறும் காற்று. வாசலுக்கு அடியில்தான் காற்று இருக்கும், ஆள் நுழைவார், இங்கே கல் நுழைகிறது. பொருள் நிலையச்சில்தான் பொருந்துகிறது. என் மறுப்பைப் பதிவு செய்துவிட்டு விலகிக்கொள்கிறேன்.

செ. (வெள்ளி மதியம்)

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். மாடியச்சு, வில்லமைப்பு, தொங்கல், 55 கட்டு. ஹப் ஹப்பாகவே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'எடுத்துப் போக வேண்டியவை' என்ற பட்டியலில் முதல் வரி: சேம அச்சு, 1.

ந. (வெள்ளி மாலை)

சேம அச்சை நிலையச்சாகவே எடுத்துப் போகச் சொல்லுங்கள்.