எழுத்து மாற்றிக் கவிதை: எதை ஓர் எழுத்தாக எண்ணுவது?

மண்வாசல்:
எல்லா அடிகளிலும் அதே எழுத்துகள், வரிசை மட்டும் வேறு. இந்தக் கட்டுப்பாட்டில் எழுதிப் பார்க்கிறேன். இரண்டு சிக்கல். மலர்–மரல், படகு–பகடு இரண்டையும் சரிபார்ப்புக் கருவி ஏற்கிறது. கையால் எண்ணினால் இடிக்கிறது. அப்புறம், கடைசியில் எப்போதும் ர, ல, ழ, ண மிஞ்சி நிற்கின்றன. என்ன செய்யலாம்?

நேரசை:
மலர் என்பது ம, ல, ர். மரல் என்பது ம, ர, ல். உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணினால் இவை சேராது. மெய் வேறு உயிர் வேறு என்று பிரித்தால் இரண்டிலும் ம், அ, ல், அ, ர் என்று சேர்ந்துவிடும். முதல் வழியே நல்லது. கண்ணுக்கும் தெரியும், மரபும் அதுதான். சம்பந்தரின் 'யாமாமாநீ' மாலைமாற்றை (முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே மாதிரி படிக்கும் பாட்டு) கடைசியிலிருந்து படித்தால் யா, மா, மா என்று உயிர்மெய் உடையாமல்தான் திரும்பும்.

மிஞ்சுவதற்குக் காரணம் இலக்கணம். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன எட்டும் தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வராது (லயம், ரவம் மாதிரி வந்து சேர்ந்தவை வேறு கதை). அதனால் அவற்றை முன்கூட்டியே செலவழியுங்கள். க, த, ந, ப, ம, வ கடைசிவரை கையில் இருக்கட்டும். ஓர் எழுத்துக்கு ஒரு சீட்டு வெட்டி மேசையில் நகர்த்துவதே வேகமான வழி. முதல் முயற்சிக்குப் பத்துச் சீட்டு போதும்:

கவிதை விலக நகரம்.
நரகம் விலக விதைக.

க மூன்று, வி இரண்டு, தை, ல, ந, ர, ம் ஒவ்வொன்று. 'விலக' இரண்டு அடியிலும் அப்படியே நிற்பது குறைதான். அதைக் கலைத்தால் 'கலவி' கிடைக்கும். க சீட்டு எத்தனை இருந்தாலும் நல்லது. சொல்லைத் தொடங்கும், வியங்கோளாக ('விதைக' போல) முடிக்கவும் செய்யும். அடிக்கு ஒரு வினை இல்லாவிட்டால் வெறும் பெயர்ப் பட்டியலாகிவிடும்.

ஒற்றன்:
மேலே உள்ள முதல் அடியை 'நகரம் விலக கவிதை' என்று மாற்றிப் பாருங்கள். 'விலகக் கவிதை' என்று க் மிகும், பத்து பதினொன்றாகிவிடும். பலர் அந்த ஒற்றெழுத்தை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் காப்பாற்றுகிறார்கள். அது பிழை. 'விலக' போன்ற எச்சத்துக்குப் பின் ந, ம, வ, உயிர் இவற்றில் தொடங்கும் சொல்லை வையுங்கள், இல்லையென்றால் அங்கே அடியை முறியுங்கள். எழுவாய்க்குப் பின் மிகாது: 'கவிதை தவம்' ஆறெழுத்து, 'கவிதைத் தவம்' ஏழு. பொருளும் வேறு.

புள்ளிக்காரன்:
கருவி ஏமாறுவது ஏன் என்றால், அது எழுத்தை எண்ணவில்லை, யூனிகோடு குறியீட்டை (கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் தரும் எண்) எண்ணுகிறது. படகு அதற்கு ப, ட, க, உகரக் குறி. பகடும் அதே நான்கு. சொந்தமாக நிரல் எழுதினால், குறியீட்டு எண் 3006 முதல் 3021 வரை வருவதையும் 3031ஐயும் (உயிர்க்குறிகளும் புள்ளியும்) முன்னெழுத்தோடு ஒட்டிவிட்டு, பிறகு வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். 'கொ' சில கோப்புகளில் ஒரே குறியாகவும் சிலவற்றில் கொம்பும் காலுமாகவும் இருக்கும். முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். 'கௌ'வுக்குப் பதில் கெ, ள என்று தட்டியிருந்தால் நிரல் இரண்டாகத்தான் எண்ணும். அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.