கலைச்சொல் விவாதம்: பழமணத் தேயிலையின் ஆறாவது நிரலுக்கு ஒரு சொல்

நல்லூரிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம்.

பழமணம் ஏற்றிய கறுப்புத் தேயிலைகளைச் சுவை பார்ப்பதற்கு ஒரு தாளைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறோம். காய்ந்த இலையின் மணம், ஊறிய இலையின் மணம், சாயத்தின் நிறம், துவர்ப்பு, பின்சுவை என்று ஐந்து நிரல்களுக்குச் சொல் உண்டு. ஆறாவதுக்கு இல்லை. வாயில் விட்ட தேத்தண்ணியின் மணம் தொண்டைக்குப் பின்பக்கத்தால் மேலேறி மூக்குக்குள் போகிறதே, அதைத்தான் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ‘ரெட்ரோநேசல்’ மணம் என்பார்கள்.

‘சுவை’ என்ற சொல்லே போதும் என்பவர்கள் இதை ஒருக்கால் செய்து பாருங்கள். ஒரே பிளேன்ரீயை மூன்று கப்பில் ஊற்றுங்கள், சீனி வேண்டாம். முதலாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. மூன்றாவதுக்குச் சாறு இல்லை. தேசிக்காயின் பச்சைத் தோலை நகமளவு சீவி, பச்சைப் பக்கம் கப்பைப் பார்க்கப் பிடித்து மடித்து நசுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத தூறலாக எண்ணெய் தெறிக்கும், அவ்வளவு போதும். வெள்ளைத் தோல் சேர்ந்தால் கைக்கும்.

இனி மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டு குடியுங்கள். இரண்டாவது புளிக்கும். மூன்றாவதுக்கும் முதலாவதுக்கும் வித்தியாசமே தெரியாது, இரண்டும் வெறும் துவர்ப்பு. வாயை மூடியபடி மூக்கை விடுங்கள். மூன்றாவதிலிருந்து தேசிக்காய் சட்டென்று மேலேறும். நிறத்தையும் பாருங்கள்: புளி சேர்ந்த இரண்டாவதின் சாயம் வெளிறியிருக்கும், மூன்றாவது கறுப்பாகவே இருக்கும்.

கடையில் பக்கெற்றில் வரும் பழத் தேயிலைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது கப்பின் வகை. ‘மாம்பழச் சுவை’ என்று அச்சடித்திருந்தாலும் நாக்குக்கு மாம்பழம் எட்டுவதில்லை. ஆகவே ‘பழச்சுவைத் தேயிலை’ என்பதை விட்டு ‘பழமணத் தேயிலை’ என்றே எழுதுகிறோம். ஆறாவது நிரலுக்கு இதுவரை வந்த யோசனைகள் பின்மணம், உள்மணம், வாய்மணம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சுன்னாகத்திலிருந்து:

தங்கச்சி, ‘வாய்மணம்’ வேண்டாம். கேட்கிற எவருக்கும் பல் மினுக்காத வாய்தான் நினைவுக்கு வரும். ‘பின்மணம்’ என்றால் ‘பின்சுவை’யோடு குழம்பும். பின்சுவையில் உள்ள ‘பின்’ நேரத்தைக் குறிக்கிறது, நீங்கள் தேடுவது பாதையை. ‘உள்மணம்’ என்றால் இலைக்குள் இருக்கிற மணம் என்று விளங்கிக்கொள்வார்கள்.

சொல்லை முடிவாக்கும்போது எப்படிச் சோதிக்கிறோம் என்பதையும் தாளில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை அளந்துவிட்டு அதே பெயரைப் போடுவார்கள்.

அளவு, சுவை பார்க்கத் தேத்தண்ணி ஊற்றும் முறைக்கான சர்வதேச நியமம் ஐ.எஸ்.ஓ. 3103 சொல்வதுதான்: 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், கொதித்த தண்ணீர், 6 நிமிடம். 140 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2.8 கிராம் வரும். கரண்டியால் அளக்காதீர்கள். தேயிலைத் தரங்களில் ஓ.பி. இலை நீளம், பி.ஓ.பி.எஃப். பொடி, ஒரே கரண்டியில் நிறை வேறுபடும். பொடி விரைவாகச் சாயம் விடும் என்பதால் ஓ.பி.யையும் பி.ஓ.பி.எஃப்.ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மணத்தை ஒப்பிடுவதும் சரிவராது. முடிந்தால் மணம் ஏற்றாத அதே அடித்தேயிலையையும் ஒரு கப்பில் ஊற்றி வையுங்கள். நுவரெலியா இலைக்கு இயல்பாகவே பூவாசம் உண்டு, அது தெரியாமல் பழத்துக்குப் புள்ளி போட்டுவிடுவோம்.

மூடியுள்ள பீங்கான் பாத்திரம்தான் பாவிக்க வேண்டும். மூடாமல் ஊறவிட்டால் முதலில் போவது அன்னாசி, வாழைப்பழம் போன்ற மணங்கள். அவற்றைத் தருகிற எதைல் பியூற்றிரேற் போன்ற எஸ்தர்கள் இலகுவில் ஆவியாகும். பீச் மணத்தைத் தருகிற லக்ரோன்கள் பாரமானவை, ஆறின கப்பிலும் நிற்கும். ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டு தரம் குடிக்க வேண்டும்: நாக்குச் சுடாத சூட்டில் ஒருக்கால், நன்றாக ஆறிய பிறகு ஒருக்கால். முதல் தரத்தில் அன்னாசியும் இரண்டாம் தரத்தில் வெறும் சாயமுமாக இருந்தால் அது குறிக்கப்பட வேண்டிய செய்தி.

தண்ணீரைப் பற்றி நம் ஊரில் கட்டாயம் சொல்ல வேண்டும். வலிகாமத்துக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் இறங்கியவை. அந்தத் தண்ணீரில் ஊற்றினால் சாயம் கறுத்து மங்கும், மேலே மெல்லிய ஆடை படரும், கப்பின் உட்புறத்தில் மண்ணிற வளையம் ஒட்டும். கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அந்தத் தண்ணீரில் சோதனை செய்யாதீர்கள். கனிமம் குறைந்த போத்தல் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுத்து, எல்லாக் கப்புக்கும் அதையே ஊற்றுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து:

பிள்ளைகளே, ‘மிடற்றுமணம்’ என்று வைத்தால் என்ன?

மிடறு என்றால் தொண்டை. கிணறு கிணற்றுத் தண்ணீர் ஆவதுபோல மிடறு மிடற்றுமணம் ஆகும், புணர்ச்சியில் இடறல் இல்லை. கோயிலில் தேவாரம் கேட்டவர்களுக்குக் கறைமிடற்றான் புதியவர் அல்லர். வாய்ப்பாட்டை மிடற்றிசை என்கிறோம். அது தொண்டையால் வரும் இசை, இது தொண்டையால் வரும் மணம். நேரே மூக்கால் முகர்வதை ‘முகர்மணம்’ என்றால் இணையும் பொருந்திவிடும். ‘நாசிப்பின்மணம்’ போன்ற சொல்லுக்குச் சொல் பெயர்ப்புகள் அகராதியில் கிடக்கும், ஆளின் வாயில் வராது.

சுன்னாகத்திலிருந்து:

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ஒரு தடை மட்டும். பேச்சில் ‘ஒரு மிடறு தண்ணி’ என்றால் விழுங்கும் அளவு. ஒரே நாளில் பல கப் பார்ப்பவர்கள் விழுங்குவதில்லை. சத்தத்தோடு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிடுவார்கள். அப்போது மிடறு எங்கே?

பருத்தித்துறையிலிருந்து:

துப்பினாலும் மணம் போகும் வழி அதுதானே. ‘ம்’ என்று சொல்லிப் பாருங்கள். உதடு மூடியிருக்கும், காற்று தொண்டையால் ஏறி மூக்கால் வெளியே போகும். மூக்கைப் பொத்தினால் ‘ம்’ நின்றுவிடும். மெல்லினம் பிறக்கும் அதே பாதையால்தான் தேத்தண்ணியின் மணமும் ஏறுகிறது. ஆகவே மிடற்றை இங்கே அளவாக எடுக்காமல் இடமாக எடுப்போம். தாளில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

சுன்னாகத்திலிருந்து:

அப்படியென்றால் எனக்கு முழுச் சம்மதம். ஐயா சொன்ன ‘ம்’ நல்ல கருவியும்கூட. துப்பியவுடன் வாயை மூடி, மூக்கால் ‘ம்ம்ம்’ என்று மூன்று விநாடி விட்டால், விழுங்காமலே மிடற்றுமணம் வடிவாகத் தெரியும். இதைச் செய்முறையில் சேருங்கள்.

பிழைக்கிற இடங்கள் சில. பேர்கமொற், தோடம்பழம் போன்றவற்றைக் கடைசியில் வையுங்கள். அவை முன்னால் வந்தால் பின்னால் வரும் மாம்பழமும் தோடம்பழமாகத்தான் ஏறும். ஒவ்வொரு கப்புக்கும் இடையில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் ஒரு துண்டு வெறும் பாணும். கப்புகளைச் சுடுதண்ணீரால் மட்டும் கழுவுங்கள், வாசனைச் சவர்க்காரம் பீங்கானிலும் தங்கும். பால் சேர்க்கக் கூடாது, கொழுப்பு மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீனி இன்னும் ஏமாற்றும். ஒரு கரண்டி சீனி போட்டால் பழமணம் கூடியதுபோல இருக்கும். கூடுவது நமக்குத் தோன்றுவதுதான், கப்பிலிருந்து எழும் மணம் அநேகமாக அதேதான்.

இலையைப் பற்றியும் ஒன்று. தேயிலை பக்கத்தில் இருக்கிற மணத்தையெல்லாம் குடிக்கும். வறுத்து இடித்த கறித்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் திறந்த பக்கெற் ஒரு கிழமை இருந்தால் முகர்மணத்தில் மாம்பழமும் மிடற்றுமணத்தில் பெருஞ்சீரகமும் வரும். பழைய தோடம்பழத் தேயிலையில் ரேப்பன்ரைன் வாடை வந்தால், தோடம்பழத் தோல் எண்ணெயிலுள்ள லிமொனீன் காற்றுப்பட்டு ஒட்சியேறியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் புள்ளி போடாமல் பக்கெற்றை ஒதுக்கிவிடுங்கள்.

நல்லூரிலிருந்து:

ஐயாவுக்கும் அண்ணைக்கும் நன்றி. தாளில் இப்படிப் போகிறது, பிழை இருந்தால் திருத்துங்கள்:

“மிடற்றுமணம்: வாயிலுள்ள சாயத்தின் மணம் தொண்டையின் பின்வழியால் மூக்குக்கு ஏறும்போது உணரப்படுவது. மிடறு இங்கே இடத்தைக் குறிக்கும். சோதிக்கும் முறை: மூக்கைப் பொத்தி ஒரு கரண்டி சாயத்தை உறிஞ்சுக, ஐந்து விநாடி வாயில் வைத்துத் துப்புக, வாயை மூடி, மூக்கை விட்டு, மூன்று விநாடி ‘ம்’ என்க. புதிதாக ஏறுவதை மட்டும் எழுதுக.”

பக்கத்தில் மூன்று பெட்டி வைத்திருக்கிறோம். முகர்மணத்தில் வந்த பழமே வந்தால் ‘தொடர்ந்தது’, வேறு பழமோ வேறு வாடையோ வந்தால் ‘மாறியது’, ஒன்றும் வராவிட்டால் ‘அறுந்தது’. முதலில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தோம். முகரும்போது இருந்த மாம்பழம் தொண்டையில் காணாமல் போவதை ‘இல்லை’ என்ற சொல் காட்டவில்லை என்பதால் மாற்றினோம்.

‘சாயம்’ என்ற சொல்லையும் அப்படியே விடுகிறோம். பாடநூல் நடைக்கு ‘வடிநீர்’ என்று எழுதலாம்தான், ஆனால் “சாயம் கூட, சீனி குறைய” என்று தினமும் கேட்கிற ஊரில் அதற்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை.