50 தாண்டினவங்க ரேஸ்: புளியரை ஏத்தத்துல குரூப்ப விட்டு கழண்டுறேன், என்ன பண்ணலாம்?

சாரல்52 எழுதியது:

அண்ணாச்சிமாரே வணக்கம். வயசு 52, ஊரு செங்கோட்டை பக்கம், எடை 78 கிலோ. கிளப்புல ஞாயித்துக்கிழமை ரைடுக்கு தவறாம வாரவன்தான். இப்ப கேரளா சைடுல ஒரு ரோடு ரேஸ்ல மாஸ்டர்ஸ் பிரிவு இருக்குன்னு நம்ம பெருசுங்க செட்டே பேர் குடுத்துருக்கு, நானும் வீறாப்புல குடுத்துட்டேன். தென்காசியிலேருந்து செங்கோட்டை வரைக்கும் பிரச்சனையே இல்ல, எவன் பின்னாடியும் ஒட்டிக்கிட்டு வந்துருவேன், ஆனா புளியரை தாண்டி எஸ் வளைவு ஏத்தம் ஆரம்பிச்சதும் முன்னாடி போற வீலுக்கும் எனக்கும் நடுவுல ஒரு சைக்கிள் இடைவெளி விழும், அது அப்படியே பத்து சைக்கிள் ஆகும், நான் ஏத்தம் முடியுற கோட்டவாசல் போய் சேரும்போது மத்தவன் எல்லாம் ஹெல்மெட்ட கழட்டி வச்சுட்டு டீ குடிச்சுட்டு இருப்பான். இதுல ரெண்டு பேரு என்னைய விட மூத்தவங்க, அதான் ரொம்ப எரியுது.

சைக்கிள் பழைய ரோடு பைக், முன்சக்கரப் பல்லு 53/39, பின்னாடி பெரிய பல்லு 25. ஏத்தத்துல ஹார்ட் ரேட் 170 காட்டுது. 220ல வயச கழிச்சா 168 வருது, அதுக்கு மேல போனா ஆபத்துன்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு. எடைய குறைக்கணுமா, சைக்கிள மாத்தணுமா, இல்ல பேசாம பேர வாபஸ் வாங்கிறவா?

---

ஆரல்காத்து எழுதியது:

தம்பி, நீங்க ஏத்தத்துல கழண்டுறதா நினைக்கிறீங்க. என் கணக்குப்படி அதுக்கு முன்னாடியே காலி ஆயிருதீங்க.

ஆனி ஆடியில செங்கோட்டை கணவாய் வழியா மேக்காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, சும்மாவா அங்கன காத்தாலை நட்டு வச்சிருக்கான். தென்காசி டு செங்கோட்டை முழுக்க எதிர்காத்துதான், நடுவுல ரோடு திரும்புற எடத்துல பக்கவாட்டுல சாத்தும். எதிர்காத்துல முன்னாடி போறவன் வீல ஒட்டி போனா நம்ம வேலையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு மிச்சம். ஆனா காத்து இடப்பக்கத்துலேருந்து வரும்போது நேரா பின்னாடி இருந்தா ஒரு புண்ணியமும் இல்ல, கொஞ்சம் வலப்பக்கமா ஒதுங்கி, அவன் பின்சக்கரத்துக்கு சாய்வா நிக்கணும். ரோடு அகலம் அவ்வளவுதான்ங்கிறதால நாலஞ்சு பேருக்குத்தான் அந்த மறைவு கிடைக்கும், மிச்ச பேரு ரோட்டோரத்து வெள்ளக்கோட்டுல வரிசையா நின்னு தனியா காத்து வாங்குவான். நீங்க எப்பவும் கடைசியில வாரத நான் பாத்துருக்கேன். கடைசியில இருந்தா இன்னொரு தண்டனையும் உண்டு, முன்னாடி ஒருத்தன் ஒரு வேகத்தடைக்கு லேசா பிரேக் புடிச்சா போதும், வாலுல இருக்கவன் நின்னு திரும்ப ஸ்பிரிண்ட் அடிக்கணும். புளியரை வாரதுக்குள்ள அப்படி எத்தனை ஸ்பிரிண்டு!

அதனால செங்கோட்டை தாண்டுனதும் மெதுவா முன்னுக்கு வாங்க, ஏத்தம் ஆரம்பிக்கும்போது முதல் மூணு ஆளுல நீங்க இருக்கணும். அப்புறம் உங்க வேகத்துல ஏறுங்க, ஒவ்வொருத்தனா உங்கள தாண்டி போகட்டும், கவலப்படாதீங்க. 15 பேரு செட்டுல முன்னாடியிலேருந்து வழுக்கி வழுக்கி கடைசிக்கு வாரதுக்குள்ள கோட்டவாசல் வந்துரும், நீங்க இன்னும் கூட்டத்துலதான் இருப்பீங்க. அது சின்ன ஏத்தந்தான், போடிமெட்டு மாதிரி 17 கொண்டை ஊசி இல்ல. உங்கள விட மூத்தவங்கன்னு சொன்னீங்களே, அதுல ஒருத்தன் நாந்தான், நான் பண்றதும் இதான். சைக்கிள் ஓட்டுறதுல திருட்டுத்தனம் பண்ண ரேஸுல மட்டும்தான் அனுமதி உண்டு.

---

பல்லுசக்கரம் எழுதியது:

அண்ணாச்சி சொன்னது சரி, ஆனா 39/25 வச்சு 78 கிலோ ஏத்துறது முழங்காலுக்கு பண்ற பாவம். ஒரு மிதிக்கு பின்சக்கரம் ஒன்றரைக்கு மேல சுத்தும், 34/32 போட்டா ஒன்னே ஒன்னுதான் சொச்சம். புது சைக்கிள் வேண்டவே வேண்டாம், முன்னாடி சின்ன பல்லு வச்ச காம்பாக்ட் கிராங்க் 50/34, பின்னாடி 11-32 கேசட் (பல்லு அடுக்கு), புது செயின், இது போதும். கியர் மாத்துற பழைய ஷார்ட் கேஜ் டிரெய்லியர் 32 பல்லு தாங்காது, அதையும் மீடியம் கேஜா மாத்திருங்க, கடைக்காரன் பரவால்ல ஓடும்னு சொன்னா நம்பாதீங்க, முன்னாடியும் பின்னாடியும் பெரிய பல்லுல போட்டா டிரெய்லியர் மாட்டியிருக்க ஹேங்கர் பிச்சுக்கிட்டு வரும். டயரும் 23 மிமீ போட்டு காத்து 120 பிஎஸ்ஐ அடிச்சிருப்பீங்க, பழைய ஆளுங்க எல்லாரும் அப்படித்தான். ஃபிரேம்ல இடம் இருந்தா 28 போட்டு 75, 80 அடிங்க, அந்த ஒட்டுப்போட்ட ரோட்டுல குலுங்கல் கம்மி, வேகமும் குறையாது.

---

பிஆர்எம்பிரியன் எழுதியது:

52 வயசுல எதுக்கு சார் ரேஸு? பிஆர்எம் வாங்க, அது போட்டி இல்லாத நீண்ட தூர ரைடு. 200 கிலோமீட்டர், 13 மணி நேரம் 30 நிமிஷம், முதல்ல வந்தவனுக்கும் கடைசியா வந்தவனுக்கும் ஒரே மெடல்தான். யாரும் யாரையும் கழட்டி விடுறதில்ல. ரேஸ்னு ஆரம்பிச்சதுலேருந்து நம்ம கிளப்புல ஞாயித்துக்கிழமை ரைடே கெட்டுப்போச்சு, முன்னாடி எல்லாம் ஆரியங்காவுல மொத்தமா உக்காந்து பழம்பொரி சாப்டுவோம், இப்ப பாதி பேரு வாட்ச்சையே பாத்துக்கிட்டு நிக்கிறான்.

---

ஆரல்காத்து எழுதியது:

உங்க வருத்தம் நியாயந்தான், பழம்பொரி விஷயத்துல நான் உங்க பக்கம். ஆனா வயச இழுக்காதீங்க. யூசிஐங்கிற உலக சைக்கிள் சங்கத்து கணக்குல 30 தாண்டுனவனே மாஸ்டர்ஸ்தான், அவங்க நடத்துற கிரான் ஃபோண்டோ உலக போட்டியில 35க்கு மேல அஞ்சஞ்சு வயசுக்கு ஒரு பிரிவு. பிரான்ஸ்ல ரோபேர் மர்ஷான்னு ஒருத்தர், 2014ல 102 வயசுல ஒரு மணி நேரத்துல 26.927 கிமீ ஓட்டுனாரு, 105லயும் வந்து 22.547 ஓட்டுனாரு. அவர ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க, 101லேருந்து 103 வயசுக்குள்ள அவரு விஓ2 மேக்ஸ், அதாவது உடம்பு அதிகபட்சமா ஆக்சிஜன் எடுத்துக்கிற அளவு, 13 சதவீதம் ஏறியிருக்கு. அவரு பண்ண பயிற்சி என்னன்னா 80 சதவீதம் லேசா, 20 சதவீதம் கஷ்டமா. நம்ம ஆளுங்க நேர்மாறு, எல்லா நாளும் நடுத்தரமா மூச்சு வாங்குவான், லேசாவும் இல்ல, கஷ்டமாவும் இல்ல.

---

புனலூரான் எழுதியது:

புனலூர்ல ஒரு ஆஸ்பத்திரி கார்டியாலஜி பிரிவுல டெக்னீஷியனா இருக்கேன், அதனால ஹார்ட் பத்தி மட்டும். 220 கழித்தல் வயசுங்கிறது ஒரு குத்துமதிப்பு, 208லேருந்து வயசுல 0.7 பங்க கழிக்கிற கணக்கு பெரியவங்களுக்கு கொஞ்சம் நெருங்கி வரும், உங்களுக்கு 172 கிட்ட வரும். ரெண்டுமே சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்து துடிப்பு முன்னப்பின்ன இருக்கும், 170 காட்டுறதுனால மட்டும் பயப்பட வேண்டாம். பாக்க வேண்டியது வேற: நெஞ்சு அழுத்தம், தலை கிறுகிறுப்பு, இல்ல சும்மா உக்காந்திருக்கும்போது துடிப்பு தாறுமாறா ஓடுறது. வருஷக்கணக்கா நீண்ட தூரம் ஓட்டுற ஆம்பளைங்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ங்கிற துடிப்புக் கோளாறு கொஞ்சம் கூடுதலாவே வருது, அத வயசுன்னு விட்டுறாதீங்க. ரேஸுக்கு முன்னாடி ஈசிஜி, டிரெட்மில் டெஸ்ட், பிபி, சுகர் பாத்துட்டு டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க.

இன்னொன்னு, சைக்கிள் மட்டுமே ஓட்டுனா எலும்புக்கு பாரமே கிடையாது, அடர்த்தி குறையும், நம்ம வயசுல விழுந்தா இடுப்புதான் போகும். வாரம் ரெண்டு நாள் வெயிட் தூக்குங்க, ஸ்குவாட் போடுங்க. கஷ்டமான ரைடும் வாரத்துக்கு ரெண்டு போதும், நடுவுல ரெண்டு நாள் விடணும், 25 வயசு பையன் மாதிரி மறுநாளே கால் திரும்பாது.

---

சாரல்52 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சி, நீங்க யாருன்னு தெரிஞ்சு போச்சு, டீ கிளாஸோட சிரிச்சது நீங்கதானே. கிராங்க் மாத்த குடுத்தாச்சு, டெஸ்டுக்கும் நாள் வாங்கியாச்சு. ஒரு சந்தேகம், கோட்டவாசல் தாண்டி எறக்கத்துல மழை இருந்தா எப்படி? எனக்கு ரிம் பிரேக், சக்கர விளிம்ப கவ்வுறது.

---

புனலூரான் எழுதியது:

அந்த பக்கம் சாரல் இருந்தா ரோட்டுல வெள்ளக்கோடு, உதிர்ந்த இலை ரெண்டு மேலயும் சாயாதீங்க. ஈர ரிம்முல முதல் சுத்து பிரேக்கே புடிக்காது, அதனால வளைவுக்கு ரொம்ப முன்னாடியே லேசா தேச்சு தண்ணிய வழிச்சுட்டு அப்புறம் அழுத்துங்க. எதிர்ல டாரஸ் லாரி வளைவ முழுசா எடுத்துக்கிட்டு வருவான், நடுக்கோட்ட தாண்டவே கூடாது. கார்த்திகையில மாலை போட்ட கூட்டம் தொடங்குனா அந்த ரோட்டுல பயிற்சியே கிடையாது, அதுக்குள்ள முடிச்சுக்கணும்.

---

ஆரல்காத்து எழுதியது:

ஞாயிறு காலையில 5.15, செங்கோட்டை பஸ் ஸ்டாண்டு. பின் லைட்ட சார்ஜ் போட்டு எடுத்துட்டு வாங்க, போன தடவ ரெண்டு பேரு லைட்டு இல்லாம வந்து திரும்பிப் போனானுவ. போகும்போது ரேஸ் வேகம், ஆரியங்காவுல பழம்பொரி, வரும்போது எல்லாரும் ஒன்னா. பிஆர்எம்பிரியன் சாரும் வாங்க, காசு நான் குடுக்கேன்.